அறுபதாம் படி மேல சத்தியம்

உக்காருங்க தம்பி. அந்த ஓரம் வேண்டாமுங்க, ஏசித் தண்ணி சொட்டும். இக்கட்ட வாங்க. பையனை இன்னைக்குத்தான் சேத்துனீங்களா? கையில புது பிரஷும் மூடி போட்ட டம்ளரும் இருக்குதே, பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டனுங்க. இந்த வார்டுக்கு வர்றவங்களுக்கு மொதல்ல அதைத்தான் கையில குடுப்பாங்க. மாத்திரைக்கு முன்னால டம்ளரு வந்துரும். எனக்கும் குடுத்தாங்க. அப்ப எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. ரத்தத்துல வியாதின்னு கூட்டியாந்தா, பல்லு வெளக்கறதுக்குப் பாடம் எடுக்கறாங்களேன்னு.

அந்த எட்டாம் நம்பர் ரூம்புல இருக்கறது என்ற பொண்ணுங்க. தார்ணிகா. மூணாவது படிக்கறா. கதவுல சின்னதா கண்ணாடி இருக்குது பாருங்க, அது வழியா எட்டிப் பாத்தா கட்டலோட கால்மாடு தெரியும். அவ்வளவுதான் எனக்கு இப்ப என்ற பொண்ணு.

இல்லீங்க, ஆஸ்பத்திரிச் சட்டம் இல்ல. சட்டப்படி கூட ஒருத்தர் இருக்கலாம், இருந்தே ஆகோணும். அந்த ஒருத்தன் நான் இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது. நீங்க வெளியாளு, உங்களுக்கு யாரு மேலயும் பாசமும் இல்ல, பகையும் இல்ல. கேட்டுட்டு நீங்களே நாயஞ் சொல்லுங்க. பையனுக்கு டாக்டரு பாத்துட்டு உங்களைக் கூப்பிட இன்னும் நேரமாகும், அவசரப்படாதீங்க.

எம் பேரு அர்த்தநாரிங்க. திருச்செங்கோடு. எங்கூருல ஊட்டுக்கு ஒருத்தன் ரிக் லாரியில இருப்பான். நானும் அதேதான், போர் போடற வண்டியில டிரில்லரு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசான்னு வருசத்துல பாதி நாளு வானத்துக்குக் கீழதான் தூக்கம். எனக்குச் செவுரே ஆகாதுங்க. ஊட்டுக்கு வந்தாக்கூட வாசல்லதான் கட்டலு. அப்பிடிப்பட்டவனைக் கெரகம் கொண்டாந்து சன்னலு தொறக்காத கட்டடத்துல போட்டுருச்சு. சன்னலைத் தொறந்தா தூசி வருமாம், தூசியில கிருமி வருமாம். சரிங்கன்னு இருந்தேன். ஊட்டுக்காரி கோகிலாவுக்கு அப்பத்தான் சின்னவன் பொறந்திருந்தான். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அவ இங்க வந்து இருக்க முடியுங்களா. நாந்தான் இருந்தேன். வார்டு முச்சூடும் அம்மாமாருங்க, நடுவுல நான் ஒருத்தன் மீசையோட. தலை வாரி உடறதுல இருந்து துணி கசக்கறது வரைக்கும் கத்துக்கிட்டேன். அவளுக்கு முடி கொட்டற வரைக்கும் ரெட்டைச் சடையே போட்டு உட்டிருக்கேன்.

வந்ததும் மொதல்ல ஊசி போடலீங்க. பல் டாக்டரம்மாகிட்டத் தாட்டி விட்டாங்க. கடவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை. பால் பல்லுதான். அவளுக்கு அது நோவே இல்ல. டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா, கீமோ ஆரம்பிச்சா ஒடம்புல எதுத்து நிக்கற சக்தி கொறஞ்சு போகும், அப்ப இந்தச் சொத்தை சும்மா இருக்காது, சீழ் வச்சா ஆளையே சாச்சுப்போடும், அதனால இப்பவே எடுத்துரோணும்னாங்க. நானும் தலையாட்டிட்டேன். ஆனா பாப்பாகிட்ட என்ன சொன்னேன்? "சும்மா டார்ச் அடிச்சுப் பாப்பாங்க கண்ணு, அவ்வளவுதான்"னேன். எல்லாரும் சொல்றதுதானுங்களே. எந்த அப்பன் பல்லைப் புடுங்கப் போறாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவான்?

புடுங்கனதுக்கு அவ அழுவலீங்க. அதுதான் ஆச்சரியம். வெளிய வந்து பஞ்சைக் கடிச்சுக்கிட்டு என்னையவே பாத்தா. கண்ணை எடுக்காம பாத்தா. அப்பறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அன்னைக்கும் பேசல, மறுநாளும் பேசல. நான் இட்லியை நீட்டுனா வாயைத் தொறக்க மாட்டா. நர்சம்மா நீட்டுனா வாங்கிக்குவா. ஏன் தம்பி, அது எப்பிடி இருக்கும்னு நெனைக்கறீங்க? பாஷை தெரியாத காட்டுல வண்டி கவுந்து கெடந்தப்பக்கூட எனக்கு அப்பிடி இருந்ததில்ல. அத்தனை பேரு மத்தியில ஒரு சின்னப் புள்ளைகிட்டப் போயி நான் கெஞ்சிக்கிட்டு நிக்கறேன், அது செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்குது.

அப்பத்தான் அந்தச் சத்தியத்தைப் பண்ணுனேன்.

நீங்க எந்தப் பக்கம்? விழுப்புரமா. அப்ப உங்களுக்குத் தெரியாது. எங்கூரு மலைக்கோயிலுக்கு ஏறற வழியில அறுபதாம் படின்னு இருக்குதுங்க. பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டை, எதுவா இருந்தாலும் பேசித் தீரலைன்னா அங்க கூட்டிட்டுப் போயி நிறுத்துவாங்க. அந்தப் படி மேல சொன்னது சொன்னதுதான். பொய்யாப் போச்சுன்னா சொன்னவனுக்கு ஒண்ணும் ஆகாது, அவன் குடும்பத்துல யாருக்காச்சும் வந்து சேரும்னு பயம். அதனால எங்க பக்கம் விளையாட்டுக்குக்கூட அந்தப் பேரை எடுக்க மாட்டாங்க. நான் எடுத்துட்டேன். அவ கையைப் புடிச்சு, உள்ளங்கையில அடிச்சு, "இனிமே உன்ற வாயில யாரும் கை வைக்க மாட்டாங்க, அப்பா உடமாட்டேன், அறுபதாம் படி மேல சத்தியம்"னேன். அவளும் அந்தப் படியில ஏறி எறங்குனவதானே, அதனோட கனம் அவளுக்குத் தெரியும். மெதுவாத் திரும்புனா. "நெசமாலுமா"ன்னா. நெசமாலுந்தான்னேன். இட்லியை வாங்கிக்கிட்டா.

அப்ப எனக்குத் தெரியுங்களா, இந்த வியாதிக்கு வைத்தியத்துல பாதி வாயிக்குள்ளதான் இருக்குதுன்னு?

கீமோ ஏற ஏற வாயி வெந்து போகுதுங்க. உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே. உள்தோலு அப்பிடியே உரிஞ்சு வரும். அதுக்குத்தான் இந்த டம்ளரு. ஆறவச்ச தண்ணியில உப்பும் ஆப்ப சோடாவும் கலந்து, தின்னு முடிச்சப்பெல்லாம் கொப்பளிக்கோணும். பிரஷு பஞ்சு மாதிரி இருக்கும், அதுல பதமா வெளக்கி உடோணும். ஈறுல ரத்தம் வந்தா பிரஷு கூடாது, சிஸ்டரே வந்து ஈரத்துணி சுத்தின விரலால தொடைச்சு உடுவாங்க. விரலு. கேட்டுக்கிட்டீங்களா? வாயிக்குள்ள விரலு.

சிஸ்டர் பேரு ஜெபசீலி. நாகர்கோவில் பக்கம். நல்ல பொம்பளைதான், இல்லைன்னு சொல்லல, ஆனா உடும்புப் புடி. மொதல் நாளு விரலைக் கொண்டுக்கிட்டு வந்தப்ப, தார்ணி என்னைப் பாத்து, "அப்பா, அறுபதாம் படி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் எந்திரிச்சுக் குறுக்க நின்னுக்கிட்டேன். "நானே பண்ணி உட்டுக்கறேன் சிஸ்டர், எங்கிட்டன்னா அடங்குவா"ன்னேன். அந்தம்மா என்னை மேலுங் கீழும் பாத்துட்டு, "அண்ணாச்சி, பிள்ளைட்ட செல்லம் கொஞ்சிட்டு விட்டுராதீங்க. இப்ப அவளுக்கு வாய்தான் வாசல். கெட்டது எல்லாம் அது வழியாத்தான் உள்ள போவும். கறாரா இருக்கணும், என்ன?"ன்னாங்க.

என்னைப் போயி கறாரா இருங்கறாங்க. தம்பி, போர் போடறப்ப மேல்மண்ணு லூசா இருந்தா, பாறை வர்ற வரைக்கும் கேசிங் பைப்பு எறக்கோணும். இல்லைன்னா மண்ணு சரிஞ்சு போரே மூடிக்கும். தோட்டத்துக்குச் சொந்தக்காரங்க அழுவாங்க, காலுல உழுவாங்க, பைப்புக் காசு கட்டாது, கொஞ்சம் கொறச்சுக்கங்கன்னு. நான் ஒருநாளும் கொறச்சதில்ல. அவங்க நல்லதுக்குத்தான அவங்க பேச்சைக் கேக்காம இருக்கறேன்னு சொல்லிப்போட்டு எறக்கிருவேன். சோலியில நான் அப்பிடி. எங்கிட்ட வந்து கறாரு பேசறாங்க அந்தம்மா.

சரி, கை வைக்கறதுதான் சத்தியத்துக்கு ஆகாது, கொப்பளிக்கறதாவது பண்ணு கண்ணுன்னு கேட்டுப் பாத்தேன். தண்ணி கை இல்லியேன்னு வாதாடுனேன். ஒரு வாய் ஊத்துனா, மூஞ்சி கோணிப் போச்சு, துப்பிட்டா. "தண்ணி உள்ள போயிக் கடிக்குதுப்பா. அதுவும் கைதான்"னா. அவ கண்ணு ஓரத்துல தண்ணி நிக்குது. டம்ளரு என்ற கையில இருக்குது. திரைச்சீலைக்கு அக்கட்ட சிஸ்டரு அடுத்த கட்டலுக்கு மாத்திரை குடுத்துக்கிட்டே காதை இங்க வச்சிருக்காங்க. "தார்ணிகா, சத்தத்தையே காணுமே?"ன்னாங்க.

பட்டுன்னு டம்ளரை எடுத்து என்ற வாயில ஊத்தி, அண்ணாந்து, நானே கொப்பளிச்சேன்.

அவ சிரிச்சாளுங்க தம்பி. பல்லு புடுங்கனதுல இருந்து மொத மொதல்ல சிரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டு, ஒடம்பு குலுங்கக் குலுங்க. மொட்டைத் தலையோட அந்தப் புள்ளை சிரிச்சதை நீங்க பாத்திருந்தா, நீங்களும் மறுக்காக் கொப்பளிச்சிருப்பீங்க. எந்த அப்பனா இருந்தாலும் பண்ணியிருப்பான்.

அப்பறம் அதுவே வழக்கமாப் போச்சு. திங்கறது, திரையை இழுத்து உடறது, நான் கொப்பளிக்கறது. அவ சொல்லிக் குடுப்பா. "ஆம்பளைக் கொரலு கேக்குதுப்பா, மெலிசாக் கொப்பளி"ம்பா. நடுவுல நிறுத்தி இருமச் சொல்லுவா, நெசம் மாதிரி இருக்கட்டும்னு. சிஸ்டரு அக்கட்டால நகந்துட்டாங்கன்னா என்ற முட்டியில ரெண்டு தட்டு தட்டுவா. போதும், துப்பிருன்னு அர்த்தம். அதுவரைக்கும் அந்த உப்புத் தண்ணியை வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பிரஷை நனைச்சு வச்சிருவேன். சிஸ்டரு வந்து ஈரம் இருக்குதான்னு பாத்துட்டு, "நல்ல பிள்ளை"ன்னு அவ கன்னத்தைத் தட்டிட்டுப் போவாங்க. சத்தியமும் கெடல, சிஸ்டருக்கும் மனசு கெடல, புள்ளைக்கும் நோவு இல்ல. வேற எவனாவது இத்தனையையும் ஒரே நேரத்துல சமாளிச்சிருப்பானா, சொல்லுங்க?

என்ற பல்லைப் பாருங்க. பாருங்க, சும்மா. வருசக்கணக்காப் புகையிலை போட்டு ஈறெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு, வெளக்குனா ரத்தம் வரும். இப்ப எப்பிடி இருக்குது? பல் டாக்டரம்மா வார்டுக்கு வந்தப்ப அவங்களே கேட்டாங்க, "உங்க ஈறு நல்லாத் தேறியிருக்கே, என்ன பண்றீங்க?"ன்னு. தார்ணி போர்வைக்குள்ள பூந்துக்கிட்டா, சிரிப்பை அடக்க முடியாம. இந்த ஆஸ்பத்திரியிலயே சுத்தமான வாயி என்ற வாயிதானுங்க.

அவளுக்குக் கன்னத்து உள்பக்கம் செவந்துச்சு. கீமோன்னா எல்லாருக்கும் வர்றதுதான்னு சிஸ்டரே சொல்லியிருக்காங்களே. அப்பறம் நாக்கு மேல வெள்ளையாப் படிஞ்சுது, தயிர் ஒட்டிக்கிட்ட மாதிரி. தயிர்சோறு தின்ன மிச்சம்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கு அவ தயிர்சோறே திங்கலைங்கறது பொறகுதான் ஞாபகம் வந்துச்சு. எச்சியை முழுங்க முடியாம துண்டுல வழிய உட்டுக்கிட்டுக் கெடந்தா. பேச்சும் நின்னு போச்சு. ஆனா நான் கொப்பளிக்கறப்ப மட்டும் என்னையப் பாத்துக்கிட்டே இருப்பா. சிரிக்கல. பாத்துக்கிட்டே இருப்பா. முட்டியில தட்டுவா. அதை மட்டும் மறக்கல.

அப்பறம் காய்ச்சலு. ஒடம்பு அனலாக் கொதிக்குது, பல்லு கிட்டிக்குது. ரத்தத்துல கவுண்டு தரைமட்டத்துக்கு எறங்கிருச்சுன்னு தனி ரூம்புக்கு மாத்துனாங்க. டாக்டருங்க கூட்டமா வந்து அவ வாயைத் தொறந்து டார்ச் அடிச்சாங்க. நான் குறுக்க நிக்கலாம்னு போனேன், ஒரு டாக்டரு தோளைப் புடிச்சுத் தள்ளி நிறுத்திட்டாரு. தார்ணி அறுபதாம் படிங்கலை. சொல்ல முடியாமத்தான் சொல்லலைன்னு நெனச்சேன். பெரிய டாக்டரு கேட்டாரு, "கொப்பளிக்கறது ஒழுங்கா நடந்துதா?"ன்னு. ஜெபசீலி சிஸ்டரு, "தினமும் என் காதால கேட்டேன் டாக்டர், ஒருவேளை தப்பல"ன்னாங்க. பாவம், அந்தம்மா மொகமே செத்துப் போச்சு. தப்பு அவங்க மேல வந்துரும்போல இருந்துச்சு.

அப்ப இவ கையைத் தூக்குனா. ஊசி குத்தியிருந்த கை, பிளாஸ்டரு ஒட்டியிருந்த கை. தூக்கி, விரலை நீட்டி, என்ற வாயைக் காட்டுனா.

பேச முடியாத புள்ளை. அதுக்கு மட்டும் கை வந்துச்சு.

நான் யாருக்காகங்க பண்ணுனேன்? உப்புத் தண்ணியை எனக்காகவா வாயில வச்சிருந்தேன்? மச்சான் பாக்க வந்தப்ப ஒரு கொத்து திராட்சை கொண்டாந்து, கழுவாம ஒண்ணு ரெண்டு அவ வாயில போட்டாரு. காய்ச்சலு அதுலதான் வந்திருக்கும். அதை எவனும் பேசமாட்டேங்கறான். நான் கொப்பளிச்சதுனாலதான் வந்துச்சாம். நான் கொப்பளிச்சா அவளுக்கு எப்பிடிங்க காய்ச்சலு வரும்?

கோகிலாவை வரச்சொல்லிட்டாங்க. சின்னவனை அவ அம்மாகிட்ட உட்டுட்டு அடிச்சுப் புடிச்சு வந்தா. வந்தவ என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. என்ற கையில இருந்த டம்ளரை வாங்கிக்கிட்டா, உள்ள போனா, கதவைச் சாத்திக்கிட்டா. அன்னையில இருந்து நான் இந்த பெஞ்சு. அவ உள்ள போயி என்ன மாயம் பண்ணுனாளோ தெரியல, தார்ணி கொப்பளிக்க ஆரம்பிச்சுட்டா. சிஸ்டரு விரலைக்கூட வாயிக்குள்ள உடறாளாம். எங்கிட்ட அத்தனை அடம் புடிச்சவ. நான் உட்டாத்தான அடம் புடிப்பா, இல்லீங்களா, எங்கிட்டன்னா உரிமை. ஆத்தாகிட்ட அது செல்லாது. அப்பிடித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன்.

அப்பவும் கேக்காமப் போவனா? கோகிலாகிட்டக் கேட்டேன், என்னை உள்ள உடக்கூடாதுன்னது யாரு, டாக்டரா, சிஸ்டரா, நீயான்னு. அவ எக்கட்டயோ பாத்துக்கிட்டு, "பாப்பாதான்"னா. நான் நம்பல. ஆனா ஒருநாளு கதவு சித்தத் தொறந்திருந்துச்சு. கொரலு கம்மிப் போயி, வார்த்தை கொழகொழன்னு வருது, இருந்தாலும் அவ கொரலுதான். சிஸ்டருகிட்டக் கேக்கறா, "எங்கப்பா கதவுக்கு அக்கட்டயே இருந்தா சத்தியம் ஒடையாதில்ல சிஸ்டர்? அவரு பாக்கலைன்னா அவரு உட்டதா ஆகாதில்ல?"ன்னு. சிஸ்டரு என்ன பதில் சொன்னாங்கன்னு கேக்கல. புள்ளைப் பேச்சு பாருங்க. அறுபதாம் படி பேருல பண்ணுன சத்தியம் கதவு, தாப்பாளு பாத்தா வரும்? இது அவளாப் பேசற பேச்சில்ல. எவளோ சொல்லிக் குடுத்திருக்கா.

அந்தச் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்க வழி இருக்குதான்னு ஊருல பெரியப்பாகிட்டப் போன்ல கேட்டேன். நேரா வந்து, அதே படியில உழுந்து கும்புட்டு, அறியாமச் சொல்லிட்டேன்னு கேட்டுக்கோணும்டான்னாரு. போலாம். இன்னைக்குக் காலைல வரைக்கும் கோகிலா இங்கதான இருந்தா, அப்பவே ஒரு எட்டு போயிட்டு வந்திருக்கலாம். ஆனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவன் திரும்பி வந்துட்டேன். நான் மலையேறிக்கிட்டு இருக்கறப்ப இங்க ஏதாவது ஆயிப் போச்சுன்னா? இங்க இருந்தா உள்ள போக முடியாது. அங்க போனா இங்க இருக்க முடியாது. போர்க் குழிக்குள்ள தொளை போடற பிட்டு மாட்டிக்கிட்டா மேலயும் வராது கீழயும் போகாது, அப்பிடி ஆயிப்போச்சு என்ற பொழப்பு.

இன்னைக்குக் காலைல டாக்டரு சொல்லிட்டாரு. புண்ணு பாதி ஆறியிருக்குது, முழுக்க ஆறாம அடுத்த கீமோ குடுக்க முடியாது, அதுக்காக ரொம்ப நாளு தள்ளிப் போடவும் முடியாது, அந்த வியாதி காத்துக்கிட்டு இருக்காதுன்னு. ஒருவேளைகூடத் தப்பாம கொப்பளிச்சு மருந்து தடவோணுமாம். சொல்லி முடிச்ச சித்த நேரத்துல ஊருல இருந்து போனு. சின்னவனுக்கு வயித்தால போகுது, துவண்டு கெடக்கறான்னு. கோகிலா பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா. போறப்ப என்ற பக்கத்துல நின்னா. "மத்தியானம் சாப்பிட்டதும் கூப்புடுவாங்க. போங்க. டார்ச்சைப் புடிங்க, அவ கையைப் புடிங்க, அவ்வளவுதான். உங்களால முடியும்"னா. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவ கோவமாச் சொல்லல.

அதுதான் தம்பி உக்காந்திருக்கேன். சாப்பாட்டு வண்டி உள்ள போயிருச்சு. கஞ்சிதான் குடுப்பாங்க, குடிக்க எவ்வளவு நேரம் ஆயிரப் போகுது. நான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கறதே அதுக்குத்தானோ என்னமோ, பேசிக்கிட்டு இருந்தா அந்தக் கதவு ஞாபகம் வர்றதில்ல. உள்ள போயி அவ கையைப் புடிச்சேன்னா, அந்த உள்ளங்கையில அடிச்சுத்தான சத்தியம் பண்ணுனேன். அதே கையைப் புடிச்சுக்கிட்டு அவ வாயில விரலை உடச் சொல்லி நிக்கோணும். அப்பறம் அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது மருந்துனாலயா, அந்தப் படினாலயா? யாரு எனக்குச் சொல்லுவா? போகலைன்னா மருந்து இல்ல, மருந்து இல்லைன்னா கீமோ இல்ல. நானும் எல்லாப் பக்கமும் மோதிப் பாத்துட்டேன். வழியே இல்லீங்க.

வர்றாங்க பாருங்க. அவங்கதான் ஜெபசீலி.

இந்தா வந்துட்டனுங்க சிஸ்டர். ஒரு நிமிசம். இந்தத் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்தர்றேன்.

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குப் பதிலா நீங்க சித்த உள்ள போயி நிக்க முடியுங்களா? கை கழுவிட்டு, மூஞ்சிக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு. டார்ச்சைப் புடிச்சாப் போதும். நீங்க எந்தச் சத்தியமும் பண்ணலியே. பேரு தார்ணிகா, தார்ணின்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பா. வெளியாளுன்னா அடம் பண்ண மாட்டா, தங்கமான புள்ளைங்க. என்ன சிஸ்டர், ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? சட்டம் தெரியுமுங்க. வெளியாளை உடமாட்டீங்க. தெரியும். சும்மா கேட்டேன்.

இருங்க, உள்ள இருந்து என்னமோ சொல்றா.

என்ன சொல்றா சிஸ்டர்? டார்ச்சை அவளே புடிச்சுக்கறாளாமா? கொப்பளிக்கறதும் அவளேவா? கட்டலை விட்டு எறங்கிட்டாளா? கதவுப் பக்கம்தான் துப்பற தொட்டி இருக்குது, தெரியும், ஆனா ஊசி மாட்டியிருக்குதே. மருந்து பாட்டில் தொங்கற கம்பியைத் தள்ளிக்கிட்டு வந்துட்டாளா. அட, உங்களையும் வெளிய நிக்கச் சொல்றாளா? "எங்கப்பாகூட நில்லுங்க சிஸ்டர், உள்ள வந்துறப் போறாரு"ன்னா சொல்றா? பாத்தீங்களா தம்பி? பாத்தீங்களா. எனக்குக் காவலு போடறா. பெத்த அப்பன், சடை போட்டு உட்டவன், உள்ள வந்துறக் கூடாதாம். இப்ப ஆத்தாளும் இல்ல சொல்லிக் குடுக்க. அவ வாயாலயே சொல்றா. இதைக் கேக்கத்தான் நான் இத்தனை நாளு இந்த பெஞ்சுல கெடந்தேனா?

சரி. சாத்திக்கங்க கதவை.

சித்தப் பேசாம இருங்க தம்பி. கேக்குதுங்களா?

கொப்பளிக்கறா. அது அவதானுங்க. அந்தச் சத்தத்தை இத்தனை நாளு போட்டவன் நானு, எனக்குத் தெரியாதா. நான் போட்டது ஒரே சீரா இருக்கும். இது பாருங்க, நிக்குது. நோவுல நிறுத்தறா. மறுக்கா ஆரம்பிக்கறா. அப்பனே, மலை மேல இருக்கற செங்கோட்டையா. மறுக்கா. இன்னொருக்கா. அழுவறா, அழுதுக்கிட்டே பண்றா. சிஸ்டர், நீங்க கண்ணாடி வழியாப் பாருங்க, நான் பாக்கக் கூடாது. நின்னுக்கிட்டிருக்காளா? கம்பியைப் புடிச்சுக்கிட்டாளா? சரி, சரி.

துப்பிட்டா. முடிஞ்சுது.

அது என்ன? கதவுல. உங்களுக்கும் கேட்டுதுங்களா தம்பி? ரெண்டு தட்டு.

அது எங்க தட்டுங்க. முட்டியில தட்டுவான்னு சொன்னேனே, அதேதான். சிஸ்டரு போயிட்டாங்க, போதும்ப்பா, துப்பிருன்னு அர்த்தம். ஆனா சிஸ்டரு இங்கதான என்ற முன்னால நிக்கறாங்க. என்ற வாயில தண்ணியும் இல்ல. பின்ன எதைப் போதும்ங்கறா இவ?